சென்னையைத் தாண்டாத சுயாட்சி

காரைக்குடியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் ஓர் ஊருணி இருக்கும். அது நிறைய வேண்டுமென்றால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் திறந்திருக்க வேண்டும். அந்தக் கால் யார் பொறுப்பு என்று விசாரித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

ஊருணி ஊராட்சிக்கு. தண்ணீர் வருகிற கண்மாய்க்கு 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இருந்தால் நீர்வளத்துறை. குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். கால் ஓடுகிற புறம்போக்கை அளந்து ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டியவர் தாசில்தார். நடுவில் தேசிய நெடுஞ்சாலை குறுக்கிட்டால், அதற்கு அடியில் மண் மூடிய பாலத்தைத் தொட தில்லிக்குக் கட்டுப்பட்ட அலுவலகம் தலையசைக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஒரு குழாய்ப் பாலத்துக்கு மனு கொடுத்தோம். ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டியது. அதற்குள் மழை பெய்து ஓய்ந்துவிட்டது. திட்டு வாங்கியது என்னவோ ஊராட்சித் தலைவர்தான். அவர் வீடுதானே பக்கத்தில் இருக்கிறது!

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளுக்கென்று 29 துறைகளைப் பட்டியல் போட்டது. குடிநீர், சிறுபாசனம், சாலை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவற்றை ஒப்படைப்பதும் ஒப்படைக்காததும் மாநிலச் சட்டமன்றத்தின் இஷ்டம். பக்கத்துக் கேரளம் 1996லேயே திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டது. நாம்?

1969இல் ராஜமன்னார் குழு, 2025இல் குரியன் ஜோசப் குழு என்று மாநில உரிமைக்காக முதலில் குரல் கொடுப்பது தமிழ்நாடுதான். எனக்கும் அதில் பெருமை உண்டு. 1976லும் 1991லும் 356ஆவது பிரிவை வைத்து இங்கே ஆட்சியைக் கலைத்ததை நாம் இன்னும் மறக்கவில்லை. சரி, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு எத்தனை பேருக்குத் தெரியும்? மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை மாவட்ட ஆட்சியர் பதவி நீக்கலாம். விளக்கம் கேட்பார்கள், தாசில்தார் ஊராட்சிக் கூட்டம் போட்டு உறுப்பினர்களின் கருத்தையும் பதிவு செய்வார். முடிவு ஆட்சியர் கையில். தில்லியிடம் நாம் ஒத்துக்கொள்ளாததை ஆட்சியரிடம் மட்டும் ஏன் ஒத்துக்கொள்கிறோம்?

தேர்தல் கதை இன்னும் மோசம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். அதில் ஜெயித்தவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிய, திரும்பவும் அரசு நியமித்த தனி அலுவலர். ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. சட்டமன்றத்துக்கு இப்படி ஒரு இடைவெளி விட்டால் சும்மா இருப்போமா?

தில்லி மட்டும் என்ன யோக்கியம்? 15ஆவது நிதிக்குழு மானியத்தில் ஊராட்சிக்கு வருவதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று அங்கேயே முடிச்சுப் போட்டுத்தான் அனுப்பினார்கள்.

2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் ஊராட்சியும் அதில் சேர்ந்தன. எல்லைக்கோடு போடுவது சென்னை. ஊராட்சிப் பகுதிக்கு மட்டுமென்று நூறு நாள் வேலைச் சட்டம் போட்டது தில்லி. இரண்டுக்கும் நடுவில் வேலையும் போய், வீட்டு வரியும் ஏறுமோ என்று கவலைப்பட வேண்டியது ஊர்க்காரர்கள். வேண்டுமா, வேண்டாமா என்று அந்தந்த ஊரில் ஓட்டெடுக்கவா போகிறார்கள்?

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தேர்தலைக் காலத்தில் நடத்துங்கள், 205ஆவது பிரிவை நீக்குங்கள். அப்புறம், வருடத்துக்கு ஒரு நாள் நீர்வளத்துறை, நெடுஞ்சாலை, ஒன்றியம், வருவாய்த்துறை நாலு பேரும் வரத்துக்கால் கரையிலேயே வந்து நிற்கட்டும். கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் நடந்தால் சரி.