மலை உச்சியோடு முடிந்துவிடுவதில்லை

ஞாயிற்றுக்கிழமை ட்ரெக்கில், அதாவது மலைப் பயணத்தில், நடந்தது நம் மலையேற்றக் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று அந்தப் பயணத்தைப் பற்றி நீங்கள் போட்ட வீடியோவையும் பார்த்த பிறகு முடியவில்லை. எட்டு நிமிட வீடியோ. ஏழு நிமிடம் ஏற்றம், பிறகு உச்சி, கைதட்டல், எல்லாரும் சேர்ந்து எடுத்த படம். உடனே கறுப்புத் திரையில் 'ட்ரெக் முடிந்தது' என்று எழுத்து வருகிறது. அங்கிருந்து பறந்தா வந்தோம்?

நாலரை மணி நேரம் ஏறினோம், மூன்றரை மணி நேரம் இறங்கினோம். இறங்கியதற்கு ஒரு நொடி கூட இடமில்லை. அதையாவது விட்டுவிடலாம். ஓடையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "இறங்குறதுக்கு என்னங்க இவ்ளோ நேரம்? உருட்டி விட்டிருந்தா எப்பவோ வந்து சேர்ந்திருப்பீங்க" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னதும், அதற்கு எல்லாரும் சிரித்ததும்தான் இன்னும் உறுத்துகிறது. சொன்னவர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

எனக்கு மலையில் பிடித்ததே இறக்கம்தான். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

ஏறும்போது மலையை யார் பார்க்கிறோம்? முன்னால் போகிறவரின் குதிகாலைத்தான் பார்க்கிறோம். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்கிறது, 'இன்னும் எவ்வளவு தூரம்' என்பதைத் தவிர மனசில் ஒன்றும் ஓடுவதில்லை. இறங்கும்போதுதான் தலை நிமிர்கிறது. காலையில் கையை ஊன்றி ஏறிய அதே பாறையின் இடுக்கில் குண்டூசித் தலையளவு வெள்ளைப் பூக்கள் இருந்தன. ஏறியபோதும் அங்கேயேதான் இருந்திருக்கும். என் கண்ணில்தான் படவில்லை.

1000 மீட்டர் இறங்கினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது உடம்புக்குப் புரிவது இறங்கும்போதுதான். முதலில் கையுறை கழன்றது, பிறகு குல்லா, பிறகு ஜாக்கெட். காது 'பட்'டென்று திறந்தது, அதுவரை அடைத்திருந்ததே எனக்குத் தெரியவில்லை. ஓடைச் சத்தம் உள்ளே வந்தது. முதல் மரம் வந்தது, மரத்தோடு மண் வாசனையும் வந்தது. உச்சியில் தண்ணீரைக் குடித்துவிட்டு மூடியை இறுக்கி பிளாஸ்டிக் பாட்டிலைப் பையில் போட்டிருந்தேன். பாதி வழியில் பைக்குள் 'டக்' என்றது. எடுத்துப் பார்த்தால் பாட்டிலின் இடுப்பு ஒடுங்கியிருக்கிறது. உள்ளே இருப்பது உச்சியின் மெல்லிய காற்று, வெளியே கீழே வர வரக் கனத்துப்போகும் காற்று. நான் இறங்கி வந்த உயரமெல்லாம் அந்தப் பள்ளத்தில் தெரிந்தது. ஓடைக்கரையில் அதைத்தான் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

"முட்டி வலிக்குமே, அதில் என்ன சுகம்?" என்று கேட்பீர்கள். வலிக்கும்தான். ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே பிரேக் போடுகிறது, அந்த வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் முழுசாகத் தெரியும். அதனால்தான் மெதுவாக இறங்கு என்கிறேன். சின்னச் சின்ன அடியாக வை, முட்டியை விறைக்காதே, விரல் முன்னால் போய் இடிக்காதபடி கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டு, இரண்டு கையிலும் கம்பு வைத்துக்கொள். குடுகுடுவென்று ஓடி இறங்கியவர்களைத் திங்கட்கிழமை மாடிப்படியில் பார்த்திருக்க வேண்டும்.

"உச்சிக்குப் போகாமல் இறக்கம் எங்கே இருந்து வரும்?" என்று இன்னொரு கேள்வி வரும். ஏறவே வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? இறங்குவதும் ட்ரெக்தான் என்கிறேன், அவ்வளவுதான். 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தின் உச்சியை முதன்முதலாக ஏழு பேர் தொட்டார்கள். இறங்கும்போது ஒருவர் கால் வழுக்க, கயிறு அறுந்து நான்கு பேர் செத்தார்கள். 1950-இல் இமயமலையின் அன்னபூர்ணா சிகரத்தில் ஏறிய பிரெஞ்சுக்காரர் மோரிஸ் ஹெர்சோக் உச்சியிலிருந்து திரும்பும்போதுதான் கையுறைகளைத் தவறவிட்டார். கடுங்குளிரில் சதை உறைந்து கை விரல்களில் பெரும்பாலானவையும் கால் விரல்கள் எல்லாமும் போயின. உச்சியில் எடுத்த படத்தோடு மலை நம்மை விட்டுவிடுவதில்லை. மலையேற்றத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டே 'முடிந்தது' என்று எப்படிப் போட மனசு வருகிறது?

இவ்வளவு கோபம் எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். சொல்லிவிடுகிறேன்.

என்னை முதலில் மலைக்குக் கூட்டிப் போனவர் அப்பா. "ஏறும்போது மூச்சைச் சேர்த்து வை, இறங்கும்போது பேசலாம்" என்பார். வீட்டில் அதிகம் பேசாத மனுஷன், இறக்கத்தில் மட்டும் பேசுவார். செங்குத்தான இடம் வந்தால் முதலில் தான் இறங்கி, திரும்பி நின்று, கையை நீட்டுவார். நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் நீட்டினார். நானும் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரோடு கடைசியாகப் போனது. உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, "போதும்ப்பா, முட்டி சொன்ன பேச்சைக் கேக்கல" என்றார். திரும்பினோம். அன்றைக்கு முதல் தடவையாக நான் முன்னால் இறங்கி, திரும்பி நின்று, கையை நீட்டினேன். அந்த இறக்கத்தில்தான் சின்ன வயதில் இறந்துபோன தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அப்படி ஒரு சித்தப்பா இருந்தாரென்றே எனக்கு அதுவரை தெரியாது. ஆறு வயதுப் பையனாம். செருப்பை எப்போதும் கால் மாற்றித்தான் போடுவானாம். சொல்லிவிட்டு அப்பா ரொம்ப நேரம் கம்பின் நுனியால் சரளைக்கல்லைக் கிளறிக்கொண்டு நின்றார்.

அந்தப் பயணத்தில் உச்சி இல்லை, உச்சியில் எடுத்த படமும் இல்லை. உங்கள் கணக்கில் அது ட்ரெக்கே இல்லை, உங்கள் வீடியோவில் அதற்கு ஒரு நொடியும் கிடைக்காது. பாதியில் திரும்புகிறவர்களையும் மெதுவாக இறங்குகிறவர்களையும் பார்த்துச் சிரிக்கும் முன்னால், அவர்கள் யாரோடு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? அன்று ஓடைக்கரையில் நான் தனியாக உட்கார்ந்திருந்ததாகத்தான் நீங்கள் நினைத்தீர்கள்.

மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. அந்த வீடியோவிலிருந்து என் முகத்தை எடுத்துவிடுங்கள், போதும்.

அடுத்த மாதம் அதே பாதையில் மறுபடி போகிறேன். ஓடைக்கரையில் அரை மணி நேரமாவது உட்காருவேன். கூட வர நினைப்பவர்கள் சொல்லுங்கள். சீக்கிரம் இறங்க வேண்டியவர்கள் எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.