பாடத்தெரிவைப் பெறுபேறு மட்டும் தீர்மானிக்கக் கூடாது

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் எந்தப் பாடத்தில் ‘ஏ’ கிடைத்ததோ உயர்தரத்தில் அந்தப் பிரிவுக்கே போகலாம் என்று, பாடத்தெரிவு பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை எழுதியவர் சொல்லியிருக்கிறார். அரைவாசிதான் சரி. எங்கள் வீட்டில் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

மகள் உயிரியல் பிரிவு எடுத்தாள். பௌதிகவியல் கஷ்டம், விவசாய விஞ்ஞானம் எடுத்தால் சுலபம் என்று வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் ஆசிரியர் சொன்னார். நாங்களும் தலையாட்டிவிட்டோம். மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும் என்பது ஒரு வருடம் போன பிறகுதான் தெரிந்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, அந்த வரியின் கீழே அவளே பென்சிலால் கோடு போட்டுக் காட்டினாள். அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை. (அந்தக் கைநூல் தமிழிலும் இருக்கிறது. நான் அதுவரை புரட்டியதே இல்லை.)

இன்னொன்று, கொழும்புப் பிள்ளைகள் இசட் புள்ளியையும் (பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் புள்ளி) பார்க்க வேண்டும். பெரும்பாலான துறைகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இங்கே போட்டி அதிகம், இடம் கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச இசட் புள்ளியான வெட்டுப்புள்ளியும் அப்படித்தான். மூன்று ‘ஏ’ எடுத்தும் விரும்பிய துறை கிடைக்காத பிள்ளைகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள்.

மகள் இப்போது விவசாயப் பட்டப்படிப்பை நினைத்துப் படிக்கிறாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். ஆனால் அடுத்தது மகன். அவனுக்குப் பாடம் பதியுமுன் கைநூலை இரண்டு பேருமாக இருந்து வாசிக்கப் போகிறோம்.