கோடு இருந்தால் கண் அதன் மேல் ஓடுமா?

புகைப்படத்தில் சாலை, தண்டவாளம் போன்ற கோடுகள் இருந்தால், "பார்ப்பவரின் கண் கீழ் இடது மூலையில் நுழைந்து, கோட்டின் வழியே வழுக்கிக்கொண்டு போகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி நடப்பதில்லை. அசையாத படத்தில் கண் வழுக்காது. நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி நிற்கும். முகம் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் போகும்.

சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் இதைப் பதிவுசெய்தே காட்டினார் (அவரது நூல் ஆங்கிலத்தில் 1967-இல் வந்தது). ரஷ்ய ஓவியர் ரெப்பினின் ஒரே ஓவியத்தை வெவ்வேறு கேள்விகளோடு பார்க்கச் சொன்னார். வயதைக் கணிக்கச் சொன்னால் கண் முகங்களையே சுற்றியது. குடும்பத்தின் வசதியைக் கேட்டால் உடைகள், மேசை நாற்காலி பக்கம் போனது. படம் என்னவோ அதேதான்!

சரி, கோடுகள் வீணா? இல்லை. தண்டவாளங்கள் குவியும் இடத்தில் ஓர் ஆள் நின்றால் சட்டென்று கண்ணில் படுவார். ஆனால் அதே படத்தின் ஓரத்தில், நிழலுக்கு நடுவே வெயில் பட்ட வெள்ளைச் சட்டை ஒன்று இருக்கட்டும், தண்டவாளம் தோற்கவே வாய்ப்பு அதிகம். படம் எடுக்கும்போது கோடு தேடும் நேரத்தில் பாதியை, நான்கு ஓரங்களில் என்ன பளிச்சிடுகிறது என்று பார்ப்பதில் செலவிடலாம். அப்புறம், அந்த 'கீழ் இடது மூலை' விதியை மறந்துவிடுங்கள்.