அந்தப் புள்ளிப் பட்டியல் லீக் விதி அல்ல

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், அணிகள் ஆண்டுதோறும் வரிசைப்படி புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அந்தத் தேர்வு வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் பேரம் பேசி மாற்றிக்கொள்ளும்; ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு மதிப்பு என்று சொல்வது இந்தப் புள்ளிப் பட்டியல். அதைப் பற்றி "டிராஃப்டில் முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, 32-ஆவதுக்கு 590. ஆக முதலில் வருபவர் ஐந்து மடங்கு நல்ல ஆட்டக்காரர், இது என்எஃப்எல் வகுத்த கணக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்கள் சரி, மற்ற இரண்டும் தப்பு.

அதை லீக் வகுக்கவில்லை. 1991-இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் பங்குதாரர் மைக் மெக்காய் தயாரித்தார்; பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரில் பரவிவிட்டது. (பாவம் மெக்காய்.) அவர் அலசியது முந்தைய பேரங்களை, யார் எப்படி ஆடினார்கள் என்பதை அல்ல. சந்தை விலை, அவ்வளவுதான். பிற்பாடு மாஸி, தாலர் என்ற ஆய்வாளர்கள் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, முதலிடத்தைவிட இரண்டாம் சுற்றின் தொடக்கத் தேர்வுகளே அதிக லாபம் என்று தெரிந்தது. 2011-இல் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த ஒப்பந்தத்துக்குப் பின் புதியவர்களின் சம்பளம் இறங்கியது, அது வேறு.

அப்புறம், எல்லாப் பேரத்தையும் இந்தப் பட்டியலால் அளக்கவும் முடியாது. 2023-இல் முதலிடத்துக்காக கரோலினா அணி சிகாகோ அணிக்குக் கொடுத்தது: 9, 61-ஆவது தேர்வுகள், 2024 முதல் சுற்று, 2025 இரண்டாம் சுற்று, கூடவே டி.ஜே. மூர் என்ற ஆட்டக்காரர். அந்த 2024 தேர்வு மறுபடி முதலிடமாகவே வந்து விழுந்தது! மூருக்கோ பட்டியலில் புள்ளியே கிடையாது.