கார்டில் உள்ள பணம் அழியாது

"அமெரிக்காவில் ஷட்டவுன் என்றால் ஃபுட் ஸ்டாம்ப், சோஷியல் செக்யூரிட்டி, மெடிக்கெய்ட் எல்லாம் அன்றைக்கே நின்றுவிடும், கார்டில் மிச்சம் இருப்பதும் போய்விடும்" என்று சிலர் சொல்வது தவறு. ஷட்டவுன் என்பது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) நிதி ஒதுக்காததால் அரசுப் பணிகள் முடங்குவது. இதை நம்பி யாரும் பதறிப்போய்க் கார்டைக் காலி செய்ய வேண்டாம்.

சோஷியல் செக்யூரிட்டிக்கு (முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கான அரசு உதவித்தொகை) ஆண்டுதோறும் காங்கிரஸ் நிதி ஒதுக்கத் தேவையில்லை, அதனால் அது தொடரும். குறைந்த வருமானத்தாருக்கான மருத்துவ உதவியான மெடிக்கெய்டும் 2025 ஷட்டவுனில் நிற்கவில்லை. ஸ்னாப் (ஃபுட் ஸ்டாம்ப் என்ற உணவு உதவியின் இன்றைய பெயர்) மட்டும் வேறு மாதிரி. தகுதி உள்ளவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு, ஆனால் பணம் வருடாந்திர ஒதுக்கீட்டில்தான் வருகிறது. சிக்கலே அங்கேதான்.

அடி விழுவது முதல் நாளில் அல்ல, அடுத்த மாதத் தொகையில். 2025 அக்டோபர் 1-ல் ஷட்டவுன் தொடங்கியும் அந்த மாதப் பணம் வந்தது. நவம்பர் தொகைதான் தடைபட்டது. ஒரு மாதத்துக்கு 800 கோடி டாலருக்கு மேல் வேண்டும், அவசர நிதியில் இருந்ததோ சுமார் 465 கோடி. சுமார் 4.2 கோடிப் பேரின் சாப்பாடு இது.

2019 ஷட்டவுனில் நடந்தது நேர்மாறு: பிப்ரவரித் தொகையை ஜனவரி 20-க்குள்ளேயே போட்டுவிட்டார்கள். கூடுதல் பணம் என்று நினைத்துச் செலவழித்தவர்களுக்கு மார்ச் வரை எதுவும் வரவில்லை.

ஏற்கெனவே ஈபிடி கார்டில் (ஸ்னாப் தொகை ஏறும் அட்டை) ஏறிய தொகையை ஷட்டவுனிலும் பயன்படுத்தலாம். ஸ்னாப் புதுப்பிப்புப் படிவம் கேட்டுக் கடிதம் வந்தால் கெடு தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். ஷட்டவுன்தானே என்று விட்டால் கேஸ் மூடப்படும், நிதி திரும்பி வந்தாலும் உங்களுக்கு வராது.