ஸ்தோத்திரத்துக்கு முன்னால் புலம்பல்

துக்க வீட்டில் ஸ்தோத்திரத்தைப் பற்றி யாரும் அவசரப்பட்டுப் பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனம் 1 தெசலோனிக்கேயர் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய அதிகாரத்தில், மரித்தவர்களை நினைத்துக் கலங்கியிருந்த சபையாரிடம் பவுல் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறாரே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அடக்க ஆராதனை முடிவதற்குள் ஐந்தாம் அதிகாரத்தை நீட்டுகிறவர்கள், நல்ல எண்ணத்தோடுதான் என்றாலும், நான்காம் அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

என் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, எப்போதும் புத்தகமும் கையுமாக இருந்த என்னால் ஒரு பக்கத்தைக்கூட வாசிக்க முடியவில்லை. கண் வரிகளின்மேல் ஓடும். பக்கத்தின் அடியை எட்டும்போது மேலே என்ன இருந்தது என்பது நினைவில் நிற்காது. துக்கத்தில் இருக்கும் பலருக்கும் இப்படிக் கவனம் சிதறுவதுண்டு. அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி யாரும் தங்களை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. நான் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினேன். குரலை முந்திக்கொண்டு கண் ஓட முடியாது என்பதால் சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கின. ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம். பல நாட்களில் அதில் பாதிதான்.

அப்படி வாசித்து வந்தபோதுதான் 88-ஆம் சங்கீதத்தின் முன் நின்றுவிட்டேன். எஸ்ராகியனாகிய ஏமானின் சங்கீதம் அது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் ஏதோ ஓரிடத்தில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதே இல்லை. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போய், இருளில்தான் முடிகிறது. ஆனாலும் தொடக்கத்தில் அவர் கர்த்தரை "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் அழைக்கிறார். இந்த ஜெபத்தை யாரும் திருத்தி நல்ல முடிவு ஒன்றை ஒட்டவைக்காமல், அப்படியே வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதை எண்ணியபோது, துக்கம் தொடங்கியபின் முதல்முறையாக என் மனதுக்குச் சற்று ஆறுதல் கிடைத்தது. என் வாயில் வராத ஜெபத்தை எனக்கு முன்னே ஒருவர் ஜெபித்து வைத்திருந்தார்.

அங்கிருந்து புலம்பல் புத்தகத்துக்குப் போனேன். "அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்ற வரியை நாம் அனைவரும் அறிவோம், வாழ்த்து அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்த வரி எங்கே நிற்கிறது என்பதைத்தான் நான் அதுவரை கவனித்ததில்லை. எருசலேம் பாபிலோனியரால் அழிக்கப்பட்ட பின் பாடப்பட்ட ஐந்து பாடல்களே அந்தப் புத்தகம். எபிரெய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள் உண்டு. முதல் நான்கு பாடல்களும் அந்த எழுத்து வரிசையிலேயே நகர்கின்றன. நடுவிலுள்ள மூன்றாம் அதிகாரத்தில் ஓர் எழுத்துக்கு மூன்று வசனங்களாக 66 வசனங்கள். அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில், தான் கதறினாலும் தேவன் ஜெபத்துக்கு வழியை அடைத்துவிட்டார் என்றும், பருக்கைக் கற்களால் தன் பற்களை நொறுக்கினார் என்றும் முறையிடுகிற அதே மனிதன்தான், மூச்சு வாங்க நிற்கிற ஓரிடத்தில் இரக்கங்களுக்கு முடிவில்லை என்கிறான். அதைச் சொன்னபின்பும் அழுகை நிற்கவில்லை. இன்னும் இரண்டு அதிகாரங்கள் அழுது, தேவன் தங்களை முற்றிலும் வெறுத்துவிட்டாரோ என்று கலங்கியபடியே புத்தகம் முடிகிறது. கண்ணீருக்கு நடுவில் நின்று சொல்லப்பட்டதால்தான் அந்த வரியை என்னால் நம்ப முடிந்தது.

வேதாகமத்துக்கு வெளியே எனக்குக் கைகொடுத்தவர்களில் ஆதித் திருச்சபையின் ஆயரான அகஸ்டின் ஒருவர். அவருடைய தாய் மோனிக்கா 387-இல் ஓஸ்தியா துறைமுக நகரத்தில் இறந்தார். 'அறிக்கைகள்' நூலின் ஒன்பதாம் பாகத்தில் அவர் அதை எழுதுகிறார். தாயின் கண்களை மூடிய கையோடு தம் கண்ணீரையும் அடக்கிக்கொள்கிறார். பாட்டிக்காக வாய்விட்டு அழுத அகஸ்டினின் மகனை, சுற்றி நின்றவர்கள் அடக்கிவிடுகிறார்கள். விசுவாசத்தில் மரித்தவருக்காக அழுவது தகாது என்ற எண்ணம் அகஸ்டினுக்கு இருந்திருக்கிறது. பிறகு, தனிமையில், மிலான் நகர ஆயர் அம்புரோசின் பாடல் வரிகளை நினைத்துக்கொண்ட நேரத்தில் அந்த அடைப்பு உடைகிறது. தேவசமூகத்தில் அழுது தீர்க்கிறார். அந்தப் பாகம், வாசிக்கிறவர்கள் அகஸ்டினுடைய பெற்றோரை ஜெபத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்ற வேண்டுதலோடு முடிகிறது. அத்தனை நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு மகனின் கண்ணீர் எனக்கு அழுவதற்கு அனுமதி கொடுத்தது.

நன்றியைப் பற்றி எனக்குத் தெளிவு தந்தது, ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் பான்ஹோஃபர் 1943-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து தம் நண்பருக்கும் நண்பரின் மனைவிக்கும் எழுதிய கடிதம். பிரிந்திருக்கும் அன்பானவரின் இடத்தை எதனாலும் நிரப்ப முடியாது, நிரப்ப முயலவும் கூடாது என்கிறார். தேவன் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறார் என்று சொல்வதையே அவர் மறுக்கிறார். அது வெறுமையாக இருப்பதால்தான் உறவு காக்கப்படுகிறது என்பது அவர் கருத்து. நினைவுகள் எவ்வளவு நிறைவானவையோ அவ்வளவுக்குப் பிரிவு கடினமாகும் என்றும், ஆனால் நன்றியுணர்வு அந்த வேதனையை அமைதியான மகிழ்ச்சியாக மாற்றும் என்றும் எழுதுகிறார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார் என்பதையும் சேர்த்து நினைக்கும்போது, இது சௌகரியமாக உட்கார்ந்து எழுதிய உபதேசம் அல்ல என்பது புரியும்.

அக்காவின் மரணத்துக்காக என்னால் ஸ்தோத்திரம் சொல்ல முடியவில்லை. சொல்லும்படி தேவன் கேட்கிறார் என்றும் நான் நினைக்கவில்லை. மரணம் கடைசிச் சத்துரு என்றே 1 கொரிந்தியர் 15 அதைக் குறிப்பிடுகிறது. ஆனால் அக்கா எங்களுக்குக் கொடுக்கப்பட்டதற்காக ஸ்தோத்திரம் சொல்ல முடிந்தது. ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். எந்தக் கதையானாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் வாசித்துவிட்டு, பிறகு முதல் பக்கத்துக்கு வந்து அழவேண்டிய இடங்களில் அழுகிற அவருடைய வழக்கம். கீர்த்தனையின் அனுபல்லவியை எப்போதும் அரைத்தாளம் பிந்தி எடுப்பது. கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களிலும் என் பெயரைச் சொல்லி ஜெபித்தது. எழுத எழுத வலி குறைந்தது என்று சொல்ல மாட்டேன். வலியோடு நன்றியும் வந்து உட்கார்ந்தது.

நம்பிக்கையைப் பற்றி வாசித்தவற்றில் என் மனம் திரும்பத் திரும்பப் போவது யோவான் 11-ஆம் அதிகாரத்துக்குத்தான். சற்று நேரத்தில் லாசருவைக் கல்லறையிலிருந்து அழைக்கப் போகிற இயேசு, அதை அறிந்திருந்தும், மரியாள் அழுவதைக் கண்டு கண்ணீர் விடுகிறார். உயிர்த்தெழுதலைக் குறித்த நிச்சயம் அவருடைய கண்ணீரைத் தடுக்கவில்லை. அந்த நிச்சயத்தில்தான் நானும் அக்காவைக் காண்பேன் என்று காத்திருக்கிறேன்.

ஆகவே துக்கத்தில் இருப்பவருக்குப் புத்தகம் கொடுக்க விரும்புகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விளக்கம் சொல்லும் நூல்களைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். கொடுப்பதானால் சிறு சிறு பகுதிகளாக வாசிக்கத்தக்க ஒன்றைக் கொடுங்கள். முடிந்தால் கூடவே உட்கார்ந்து, ஒரு சங்கீதத்தை மெதுவாக, வாய்விட்டு, அவருக்காக நீங்களே வாசியுங்கள். அவர் நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு, மறுநாள் அதே வசனத்திலிருந்து தொடருங்கள்.