எல்லாக் கம்ப்யூட்டரும் பிளேஸ்டேஷனை முந்திவிடாது

கேம் விளையாட ஹட்டனில் பாவித்த ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு, "எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும் பிளேஸ்டேஷன் 5ஐ (பிஎஸ்5) விட கிராபிக்ஸ் நல்லாத்தான் இருக்கும்" என்று ஓர் அண்ணன் பதில் எழுதியிருக்கிறார். இது சரியில்லை. அதை நம்பித் தம்பி காசைக் கொட்டிவிடக் கூடாது.

கம்ப்யூட்டர் பக்கம் உச்சம் உயரம்தான், மறுக்கவில்லை. சைபர்பங்க் 2077 என்ற கேமுக்கு 2023இல் வந்த பாத் டிரேசிங் (ஒளி நிஜத்தில் பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டு வரையும் முறை), பிஎஸ்5 போன்ற கேம் கன்சோல்களில் கிடையாது. ஆனால் அதற்கு விலை கூடிய, சக்திவாய்ந்த கிராபிக்ஸ் கார்டு (படங்களை வரையும் தனிப் பாகம்) வேண்டும்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் தனிக் கார்டே இருக்காது. இன்டெல் யுஎச்டி 630 போன்ற, பிராசசருக்குள்ளேயே அமைந்த கிராபிக்ஸ்தான். அதன் திறன் அரை டெராஃப்ளாப்கூட (கணக்குப் போடும் வேகத்தின் அளவு) இல்லை. 2020இல் வந்த பிஎஸ்5க்கு 10.28 டெராஃப்ளாப். வடிவமைப்பு வேறு என்பதால் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனாலும் இவ்வளவு இடைவெளியை எதுவும் சரிக்கட்டாது. புது கேமின் படத் தெளிவை 720பிக்கு இறக்கி, எல்லாவற்றையும் 'லோ'வில் வைத்தாலும் திக்கித் திக்கித்தான் ஓடும். நிழல்கள் கட்டம் கட்டமாக உடையும், தூரத்து மரங்கள் நாம் கிட்டப் போன பிறகுதான் முளைக்கும்.

பிஎஸ்5உம் எப்போதும் முழு 4கே தெளிவு தருவதில்லை. பல கேம்களில் குறைந்த ரெசல்யூஷனில் (படத் தெளிவில்) வரைந்து பெரிதாக்கித்தான் காட்டுகிறது. அப்படியிருந்தும் இந்த ஒப்பீட்டில் அதுதான் மேல்.

தம்பி, வாங்குவதற்கு முன் கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பெயரைப் பாருங்கள். யுஎச்டி மட்டும் இருந்தால் பிறகு கார்டு போட இடமும், பவர் சப்ளையில் தெம்பும் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்னப் பெட்டி என்றால், தனி மின் இணைப்பு கேட்காத குட்டை ஜிடிஎக்ஸ் 1650 கார்டு மாதிரி ஒன்றுதான் பொருந்தும். அதுவும் பிஎஸ்5க்கு ஈடாகாது.